கிளெப்பா, டிஎஸ்எஸ்டியா: கிரெடிட் தேர்வுகளின் கடினத்தை அளந்து தேர்ந்தெடுப்பது

அமெரிக்கக் கல்லூரியில் இளநிலைப் பட்டம் பெற வழக்கமாக 120 கிரெடிட், அதாவது பாடங்களை முடித்துச் சேர்க்கும் அலகுகள், தேவை. ஒரு பருவம் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்து பெறும் மூன்று கிரெடிட்டை, ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கிளெப், டிஎஸ்எஸ்டி போன்ற தேர்வு ஒன்றை எழுதிப் பெற்றுவிடலாம் என்பது, வேலையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு படிப்பவர்களுக்குச் சாதாரண உதவி இல்லை. ஆனால் இந்த வழியைப் பற்றித் தெரிந்துகொண்டவுடன் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இவற்றில் எது சுலபம்?" என்பதுதான். அதற்கு விடையாகக் கிடைப்பவையோ, முன்பு எழுதியவர்கள் தங்கள் அனுபவத்தை வைத்து ஒவ்வொரு தேர்வுக்கும் கொடுத்த மதிப்பீடுகளைத் திரட்டிய பட்டியல்கள். உளவியல் சுலபம், வேதியியல் கடினம், மேலாண்மை சுலபம், கணக்குப்பதிவியல் கடினம் என்று அவை நீளும். அந்தப் பட்டியலை நம்பித் தேர்வுக்குப் பதிவு செய்பவர் தம் பணத்தையும் மாதக்கணக்கான உழைப்பையும் வேறொருவரின் பின்னணியை நம்பிப் பணயம் வைக்கிறார் என்பது என் உறுதியான கருத்து. தேர்வின் கடினம் என்பது தேர்ச்சிக் கோட்டுக்கும் எழுதுபவர் இன்று நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம். அந்தத் தூரத்தை ஓரளவு துல்லியமாகவே அளக்க முடியும்.

முதலில் இரண்டு தேர்வு வரிசைகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிளெப் என்பது காலேஜ் போர்டு என்ற அமெரிக்கத் தேர்வு அமைப்பு 1967 முதல் நடத்திவரும் தேர்வு வரிசை. இப்போது அதில் 34 தேர்வுகள் உள்ளன. பெரும்பாலானவை 90 நிமிடம். மதிப்பெண் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் தரப்படுகிறது. அமெரிக்கக் கல்விக் குழுமம் கிரெடிட் தரப் பரிந்துரைக்கும் மதிப்பெண் 50. டிஎஸ்எஸ்டி அமெரிக்கப் படையினரின் கல்விக்காக உருவாகி, பிறகு பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. தேர்வுகள் நடத்தும் ப்ரோமெட்ரிக் நிறுவனத்தின் பெயரோடு பலருக்கும் அறிமுகமானது. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட தேர்வுகள் உண்டு. நேரம் இரண்டு மணி. மதிப்பெண் அளவுகோல் 200 முதல் 500 வரை. தேர்ச்சிக் கோடு 400. கட்டணம் இரண்டிலும் ஏறத்தாழ 100 டாலர். தேர்வு மையங்கள் தனியாக ஒரு தொகை வாங்குவதும் உண்டு. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு அமைப்பின் இலவச இணையப் பாடத்தை முடிப்பவர்களுக்குக் கிளெப் கட்டணத்துக்கான வவுச்சர் கிடைக்கிறது. பணம் நெருக்கடியாக இருப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

கடினத்தைக் காட்டும் எண் என்று பலர் முதலில் தேடிப் போவது தேர்ச்சி விகிதத்தை. அது நேர்மையான எண்தான். ஆனால் நாம் கேட்கும் கேள்விக்கு அது விடை சொல்வதில்லை. ஸ்பானிய மொழித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுத வருபவர்களில் வீட்டிலேயே ஸ்பானியம் பேசி வளர்ந்தவர்கள் ஏராளம். அவர்கள் தேர்ச்சி பெறுவதால் விகிதம் உயர்கிறது. அதைப் பார்த்து, ஸ்பானியத்தில் ஒரு வாக்கியமும் அறியாத ஒருவர் இதுதான் எளிய தேர்வு என்று முடிவு செய்தால், செவிவழிப் பகுதியின் முதல் உரையாடலிலேயே அவருக்குத் தரை நழுவிவிடும். நுண்கணிதத்திலும் இதே கதைதான். பள்ளியில் அதைப் படித்துத் தேறியவர்களே பெரும்பாலும் அந்தத் தேர்வின் பக்கம் வருகிறார்கள். கல்லூரி இயற்கணிதத்துக்கோ, கணிதத்தைக் கண்டு அஞ்சுபவர்களும் கல்லூரி விதியின் கட்டாயத்தால் வந்து சேர்கிறார்கள். ஆகவே இந்த இரண்டு தேர்வுகளின் தேர்ச்சி விகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எழுத வந்தவர்களை ஒப்பிடுவதாகுமே தவிர, வினாத்தாள்களை ஒப்பிடுவதாகாது.

தேர்ச்சிக் கோடு எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது இதைவிடப் பயனுள்ளது. கிளெப்பின் 50 என்பது நூற்றுக்கு ஐம்பது விடைகள் சரி என்று பொருள்படாது. அந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்தும் ஆசிரியர்கள் குழுவாக அமர்ந்து ஒவ்வொரு வினாவையும் பார்க்கிறார்கள். அந்தப் பாடத்தில் 'சி' என்ற நடுத்தரமான தரம் வாங்கும் மாணவர் இந்தத் தேர்வில் எவ்வளவு செய்வார் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த அளவுதான் 50 என்ற எண்ணாக மாற்றப்படுகிறது. டிஎஸ்எஸ்டியின் 400-ம் அதே 'சி' தரத்தையே குறிக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொண்டால், இவை பாடத்தை முழுவதும் கரைத்துக் குடித்தவர்களுக்கான தேர்வுகள் இல்லை என்பது தெளிவாகும். பாடத்தின் நடுப்பகுதி கைவசம் இருந்து, ஓரங்கள் மங்கலாக இருந்தாலும் தேறிவிடலாம். நம் ஊர்ப் பொதுத்தேர்வுப் பழக்கத்தில் ஒரு வரியும் விடாமல் படிக்க முனைபவர்கள் இங்கே தேவைக்கு மேல் நேரம் செலவழித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் இன்னொரு தேர்வுக்கே தயாராகியிருக்கலாம்.

பாடத்தைப் போலவே கடினத்தைத் தீர்மானிக்கும் இன்னொன்று வேகம். பட்டியல் போடுபவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கிளெப்பில் நேரம் ஒன்றாக இருந்தாலும் வினாக்களின் எண்ணிக்கை பெரிதும் மாறுகிறது. மானுடவியற்கலைகள் (ஹியூமானிட்டீஸ்) தேர்வில் 90 நிமிடத்தில் ஏறத்தாழ 140 வினாக்கள். வினா ஒன்றுக்கு 40 நொடிகூட இல்லை. மேற்கத்திய நாகரிக வரலாற்றில் ஏறத்தாழ 120 வினாக்கள், 45 நொடி. உயிரியலில் ஏறத்தாழ 115, 47 நொடி. நுண்ணியல் பொருளியலில் 80. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். கல்லூரி இயற்கணிதத்தில் 60, ஒன்றரை நிமிடம். நுண்கணிதத்தில் 44 மட்டுமே, இரண்டு நிமிடம். வினாவுக்கு நொடிகள் குறையக் குறைய, அந்தத் தேர்வு விடை தெரிகிறதா என்று மட்டுமே சோதிக்கிறது. யோசித்துக் கண்டுபிடிக்க இடம் தருவதில்லை. நொடிகள் கூடினால், தெரியாத இடத்திலும் தெரிந்ததைக் கொண்டு வழி கண்டுபிடிக்கலாம். மெதுவாக ஆழ்ந்து யோசிப்பவர், படித்ததை உடனே நினைவிலிருந்து எடுத்துத் தருபவர் என்று மாணவர்கள் இருவகை. இருவருக்கும் ஒரே தேர்வு எளிதாக இருக்க முடியாது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களுக்கு இந்த 40 நொடிக் கணக்கு இன்னும் கூர்மையான சிக்கல். வினாவைப் படித்து முடிக்கவே பாதி நேரம் போய்விடும்.

இனி உண்மையான தேர்வுகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலான பட்டங்களுக்குக் கணிதத்தில் குறைந்தது ஒரு பாடமாவது தேவை. கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுக்காதவர் முன்னால் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன: கிளெப்பின் கல்லூரி இயற்கணிதம், கிளெப்பின் கல்லூரிக் கணிதம், டிஎஸ்எஸ்டியின் புள்ளியியல் கோட்பாடுகள். பெயர்களை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். உள்ளே பார்த்தால் மூன்றும் வெவ்வேறு திறன்களைக் கேட்கின்றன.

கல்லூரி இயற்கணிதத்தில் சார்புகளும் அவற்றின் பண்புகளும் 30 விழுக்காடு. இயற்கணிதச் செயல்பாடுகள் 25. சமன்பாடுகளும் அசமன்பாடுகளும் 25. எண் அமைப்புகள் 20. இந்தப் பங்கீட்டைவிட முக்கியமான தகவல் ஒன்றைக் காலேஜ் போர்டே சொல்கிறது: வினாக்களில் ஏறத்தாழப் பாதி வழக்கமான, நேரடிக் கணக்குகள், மறுபாதி கருத்து புரிந்திருந்தால் மட்டுமே போடக்கூடிய, வழக்கத்துக்கு மாறான கணக்குகள். வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டில் சொல்லலாம். ஓர் இருபடிச் சமன்பாட்டைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னால் அது வழக்கமான வகை. சூத்திரம் மனப்பாடமாக இருந்தால் போதும். அதே சமன்பாட்டின் நடுக் குணகத்தை அறியாத எண்ணாக வைத்து, அது எந்த மதிப்பாக இருந்தால் மெய்த் தீர்வு ஒன்றே ஒன்றாக இருக்கும் என்று கேட்டால் அது இரண்டாம் வகை. சூத்திரத்துக்குள் வர்க்கமூலத்தின் கீழே இருக்கும் பகுதி ஏன் இருக்கிறது, அது பூச்சியமானால் வரைபடத்துக்கு என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டவருக்கு அரை நிமிடம் போதும். மற்றவர்கள் ஐந்து நிமிடம் தடவிவிட்டு யூகிப்பார்கள். தயாரிப்பின்போது முதல் வகைக் கணக்குகளை மட்டும் போட்டுப் பார்த்து, எல்லாம் வருகிறது என்று நம்பிப் போகிறவர்கள் அங்கே திகைப்பது இதனால்தான்.

கல்லூரிக் கணிதம் அகலம் கூடியது, ஆழம் குறைந்தது. இயற்கணிதமும் சார்புகளும் 20 விழுக்காடு மட்டுமே, நிதிக் கணிதம் 20, தருக்கமும் கணங்களும் 15, தரவுகளும் புள்ளியியலும் 15, எண்ணுதலும் நிகழ்தகவும் 10, வடிவியல் 10, எண்கள் 10. பள்ளியை விட்டு 15 ஆண்டுகள் கழித்துப் புத்தகத்தைத் திறக்கும் ஒருவருக்கு, குறிப்பாக வீட்டுக் கடன், வட்டி, தவணை என்று வாழ்க்கையிலேயே நிதிக் கணக்குகளைப் போட்டுப் பழகியவருக்கு, இது இயற்கணிதத்தைவிடக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கும். ஒரு பகுதி அறவே வராவிட்டாலும் மற்றவற்றால் ஈடுகட்டலாம் என்பது இந்தத் தேர்வின் பெரிய வசதி. இயற்கணிதத் தேர்வில் அந்த வசதி இல்லை. சார்புகள் புரியாவிட்டால் மற்ற மூன்று பகுதிகளும் ஆடும்.

டிஎஸ்எஸ்டி புள்ளியியலில் இயற்கணிதத் திறமை குறைவாகவே தேவைப்படும். அங்கே வேறொரு தடை இருக்கிறது: சொற்களின் துல்லியம். ஒரு நம்பக இடைவெளியை (மாதிரியிலிருந்து கணக்கிடும் மதிப்பீட்டு எல்லையை) கணக்கிடுவதில் பெரிய சிரமமில்லை. 95 விழுக்காடு நம்பக இடைவெளி எதை உறுதி சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று கேட்டு, கேட்டவுடன் சரியென்றே படும் வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தால்தான் சிக்கல். மாதிரியின் சராசரிக்கும் முழுமைத்தொகுதியின் சராசரிக்கும் உள்ள வேறுபாடு மனத்தில் ஊறாதவர்கள், கணக்கை எல்லாம் சரியாகப் போட்டும் இத்தகைய வினாக்களில் விட்டுவிடுவார்கள். தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டிலோ மருத்துவ ஆய்வுக்கூடத்திலோ வேலை செய்பவருக்கு இந்த மொழி பழகியிருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு புள்ளியியலுக்குப் போகலாம். கிளெப் தேர்வைவிட அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைப்பதும் அவருக்கு ஆதாயம். என்னைக் கேட்டால், சமூக அறிவியலோ செவிலியமோ வணிகமோ படிக்கப் போகிறவருக்கு மூன்றில் மிகப் பயனுள்ளது புள்ளியியல்தான். ஆனால் கல்லூரி அந்தப் பட்டத்துக்கு அதைக் கணிதத் தேவையாக ஏற்கிறதா என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கலைப் பாடங்களில் மக்கள் மிகத் தவறாக மதிப்பிடும் இணை ஒன்று உண்டு: மானுடவியற்கலைகளும் இலக்கியப் பகுப்பாய்வும். முதலாவதைப் பொது அறிவுத் தேர்வு என்று நினைத்து எளிதென்பார்கள். இரண்டாவதில் பழைய ஆங்கிலக் கவிதைகள் வரும் என்று கேள்விப்பட்டு ஒதுங்குவார்கள். என் மதிப்பீடு இதற்கு நேர் எதிர். மானுடவியற்கலைகளில் பாதி இலக்கியம். மறுபாதி ஓவியம், சிற்பம், இசை, நாடகம், கட்டடக்கலை. கிரேக்க நாடகத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு இசை வரை எங்கிருந்து வேண்டுமானாலும் வினா வரலாம். பாடத்திட்டத்துக்கு எல்லையே இல்லை எனலாம். ஒரு கோபுரத்தின் படத்தைக் காட்டி அது எந்தக் காலப் பாணி என்று கேட்டால், கண்டிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 40 நொடியில் யோசித்து அடைய முடியாத விடை அது. இலக்கியப் பகுப்பாய்விலோ 98 நிமிடத்தில் ஏறத்தாழ 80 வினாக்கள். கவிதை, உரைநடை, நாடகம் ஆகியவற்றிலிருந்து பகுதிகளைத் தாளிலேயே கொடுத்துவிடுகிறார்கள். விடை எல்லாம் அந்தப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. எந்த ஆசிரியரையும் முன்பே படித்திருக்கத் தேவையில்லை. உருவகம், தொனி, முரண் போன்ற சில கலைச்சொற்களும் நிதானமாகப் படிக்கும் பழக்கமும் போதும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பகுதிகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறையாதவை மறுமலர்ச்சிக் காலத்தையும் பதினேழாம் நூற்றாண்டையும் சேர்ந்தவை. அந்தக் கால ஆங்கிலத்தில் சில இடங்களில் எழுவாய் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். வினை நடுவில் ஒளிந்திருக்கும். சங்கப் பாட்டையும் கம்பனையும் கொண்டுகூட்டிப் பொருள் கண்டு பழகிய தமிழ் வாசகருக்கு இது அந்நியமான வேலை இல்லை. வினை எங்கே, அதற்குரியவர் யார் என்று தேடும் அதே பழக்கம் இங்கும் கைகொடுக்கும். அத்தகைய நான்கைந்து பாடல்களை எடுத்து ஒவ்வொன்றையும் எளிய உரைநடையாக எழுதிப் பாருங்கள். உரைநடையாக்கம் பெரும்பாலும் சரியாக வந்தால் தேர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வராவிட்டால் எத்தனை கலைச்சொற்களைப் படித்தாலும் அது தொலைவில்தான் இருக்கிறது.

வரலாறு, பொருளியல் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க வரலாறு இரண்டு தேர்வுகளாக இருக்கிறது. முதலாவது 1877 வரை. இரண்டாவது 1865 முதல் இன்று வரை. அமெரிக்காவில் பள்ளி படிக்காதவர்களுக்கு இரண்டாவதே நெருக்கமானது. அதில் 70 விழுக்காடு 1915-க்குப் பிந்தையது. உலகப் போர்கள், பெருமந்தம், பனிப்போர், கருப்பினத்தவரின் குடிமையுரிமை இயக்கம் ஆகியவை உலக வரலாற்றின் வழியாகவே ஓரளவு தெரிந்திருக்கும். முதலாவதில் குடியேற்றக் காலச் சமயப் பிரிவுகளும் மாகாணங்களின் வேறுபாடுகளும் முற்றிலும் புதியவையாக இருக்கும். பொருளியலில் நுண்ணியலில் பாதிக்கும் மேல் சந்தைகளைப் பற்றியே கேட்கிறார்கள். முற்றுரிமையின் வளைகோட்டு வரைபடத்தைப் பார்க்காமல் வெள்ளைத்தாளில் வரைந்து, விலையையும் அளவையும் குறித்துக்காட்ட முடிந்தவருக்கு அந்தத் தேர்வில் பெரிய ஆபத்தில்லை. செய்தித்தாள் படிக்கும் பழக்கம் பேரியலில் உதவும், நுண்ணியலில் உதவாது.

அறிவியலில் பொதுவான இயற்கை அறிவியல் தேர்வும் தனித்தனியே உயிரியல், வேதியியல் தேர்வுகளும் உண்டு. கலைப் பட்டம் படிப்பவருக்கு இயற்கை அறிவியலே போதும். அது பாதி உயிரியல், பாதி இயற்பியல், வேதியியல் போன்ற அறிவியல்கள். உயிரியல் தேர்வு மூலக்கூறும் செல்லும் ஒரு பங்கு, உயிரிகளின் உடலமைப்பு ஒரு பங்கு, இனத்தொகையும் பரிணாமமும் ஒரு பங்கு என ஏறத்தாழச் சமமாகப் பிரிந்திருக்கிறது. மருத்துவச் சூழலில் வேலை செய்பவர்களுக்கு நடுப்பங்கு பழக்கமாக இருக்கும். மூன்றாம் பங்கில் சறுக்கிவிடுவார்கள். மருத்துவக் கல்லூரிக்குப் போக எண்ணுபவர்கள் இந்த அறிவியல் தேர்வுகளைக் கடினத்துக்காக இல்லாமல் வேறொரு காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். ஆய்வக வகுப்போடு கூடிய பாடத்தையே பல மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. தேர்வில் பெற்ற கிரெடிட்டை அவை ஏற்பதில்லை. குழந்தையை மருத்துவராக்க நினைத்து, நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி உயிரியல் கிளெப்பை எழுதவைக்கும் பெற்றோர் இதைத் தயவுசெய்து கவனத்தில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் மேல்நிலைப் படிப்பை முடித்து, பிறகு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே புதிதாகப் பட்டம் படிக்கத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். பொதுப் பட்டியல்கள் அதிகமாகத் தவறான வழிகாட்டுவது இவர்களுக்குத்தான். நுண்கணிதம் கடினமானது என்ற அமெரிக்க மாணவரின் சொல், பிளஸ் டூ கணிதத்தில் வகையீட்டையும் தொகையீட்டையும் பக்கம் பக்கமாகப் போட்டவருக்குப் பொருந்தாது. அவர் பழகிக்கொள்ள வேண்டியது திரையில் இயங்கும் வரைபடக் கால்குலேட்டரை; 44 வினாக்களில் 27 கால்குலேட்டர் இல்லாமலும் 17 அதோடும் வருகின்றன. வணிகவியல் பிரிவில் படித்தவருக்கு நிதிக் கணக்குப்பதிவியல் நெருக்கம்தான். பேரேடும் இருப்பாய்வும் அங்கேயும் அதே தருக்கத்தில்தான் இயங்குகின்றன. ஆனால் சரக்கிருப்பை மதிப்பிடும்போது, கடைசியில் வாங்கிய சரக்கே முதலில் விற்றதாகக் கொள்ளும் லைஃபோ முறை அமெரிக்க விதிகளில் அனுமதிக்கப்பட்டது. இந்தியக் கணக்கியல் தரத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே அந்தப் பகுதியைப் புதிதாகவே படிக்க வேண்டும். மொழித் தேர்வுகளைப் பொறுத்தவரை கிளெப்பில் இருப்பவை ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டுமே, தமிழ் இல்லை. அயல்மொழிக் கல்விக்கான ஆக்ட்ஃபல் என்ற அமெரிக்க அமைப்பின் வாய்மொழித் திறன் நேர்காணல் தமிழிலும் நடத்தப்படுகிறது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த மாணவர், அதைக் கொண்டு தம் கல்லூரி அயல்மொழித் தேவையை நிறைவு செய்ய அனுமதிக்குமா என்று ஆலோசகரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆக, தூரத்தை அளப்பது எப்படி? படிக்கத் தொடங்குவதற்கு முன்பே, எந்தத் தயாரிப்பும் இல்லாமல், அதிகாரபூர்வ வழிகாட்டியில் உள்ள மாதிரி வினாக்களைக் கடிகாரம் வைத்து எழுத வேண்டும். தனியார் மாதிரித் தேர்வுகள் சில உண்மைத் தேர்வைவிடக் கடினமாகவும் சில எளிதாகவும் இருப்பதால், அளவுகோலாக அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது, பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். விடைகளைத் திருத்தும்போது சரி, தவறு என்ற இரண்டு குவியல்கள் போதா. தெரிந்து எழுதியவை, இரண்டு விடைகளுக்கிடையே தயங்கி எழுதியவை, வெறுமனே யூகித்தவை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். யூகித்துச் சரியானவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தயங்கியவைதான் இதில் மிக மதிப்புள்ள தகவல். ஒரு வாரப் படிப்பில் அவற்றில் பெரும்பகுதி தெரிந்தவையாக மாறிவிடும். பிறகு அந்த மூன்று குவியல்களையும் பாடத்திட்டப் பங்கீட்டின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வேதியியலில் பொருளின் கட்டமைப்பும் பொருளின் நிலைகளும் சேர்ந்து 39 விழுக்காடு; வினைவேகவியல் 4 மட்டுமே. யூகித்தவை எல்லாம் அந்த 39-க்குள் விழுந்திருந்தால் தேர்வு உண்மையிலேயே தொலைவில் இருக்கிறது. வினைவேகவியலிலும் வெப்ப இயக்கவியலிலும் விழுந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டுக்கூடத் தேர்வுக்குப் போகலாம்.

தயாரிப்பின் முடிவில், கடிகாரம் வைத்து எழுதிய புதிய மாதிரித் தாளில் தெரிந்து எழுதியவை மட்டுமே பத்தில் ஆறரை, ஏழு என்ற அளவை எட்டும்வரை நாள் குறிக்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. காலேஜ் போர்டு, தேர்ச்சிக்கு எத்தனை வினா சரியாக வேண்டும் என்பதைத் தேர்வருக்குச் சொல்வதில்லை. கணக்கில் சேராத சோதனை வினாக்களும் தாளில் கலந்திருக்கும். அதனால்தான் இந்தச் சற்றுத் தாராளமான இடைவெளியைச் சொல்கிறேன்.

தோல்வியின் விலையையும் கடினத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும். கிளெப் தேர்வில் தவறினால் அதே தேர்வை மீண்டும் எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். டிஎஸ்எஸ்டியில் 30 நாள். பள்ளி மாணவர்கள் கல்லூரி கிரெடிட்டுக்காக எழுதும் ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில் மட்டுமே. கட்டுரை வடிவ விடைகளும் உண்டு. முடிவு வர ஜூலை ஆகிவிடும். ஏபியை ஏற்கும் கல்லூரிகள் அதிகம் என்பது உண்மை. பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களைக் குறிவைக்கும் பள்ளி மாணவர் அதையே நம்ப வேண்டும், ஏனென்றால் அவற்றில் பல கிளெப்பைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அரசுக் கல்லூரியிலோ சமுதாயக் கல்லூரியிலோ படிக்கும் முப்பது வயதுக்காரருக்கு, தனக்கு வசதியான நாளில் எழுதி, பெரும்பாலான தேர்வுகளில் அப்போதே திரையில் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு எழுந்துவரும் கிளெப்தான் பொருத்தம். தவறினாலும் அது கல்லூரியின் தர சராசரியை (ஜிபிஏ) தொடுவதில்லை. ஆகவே தூரம் நடுத்தரமாக இருந்து, பட்டம் முடிய நாள் நெருக்கமாகவும் இருந்தால், ஒரே தேவையைக் கிளெப்பாலும் டிஎஸ்எஸ்டியாலும் நிறைவு செய்ய முடியும் இடங்களில் 30 நாளில் மறுவாய்ப்புத் தரும் டிஎஸ்எஸ்டியை நான் முன்வைப்பேன். நாள் தாராளமாக இருந்தால், ஏற்கும் கல்லூரிகள் அதிகமுள்ள கிளெப்பை.

டிஎஸ்எஸ்டிக்கு இன்னொரு தனி இடமும் இருக்கிறது. கிளெப் தேர்வுகள் எல்லாம் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களுக்கு இணையானவை. டிஎஸ்எஸ்டியில் பணமும் வங்கியியலும், அமெரிக்க உள்நாட்டுப் போரும் மறுசீரமைப்பும் போன்ற சிலவற்றுக்கு, பட்டத்தின் கடைசி இரண்டு ஆண்டுப் பாடங்களுக்கு இணையான உயர்நிலை கிரெடிட் பரிந்துரைக்கப்படுகிறது. பட்டத்தின் கடைசிக் கட்டத்தில் உயர்நிலை கிரெடிட்டுக்குத் திண்டாடுபவருக்கு இவை மிகப் பெரிய உதவி. தாமஸ் எடிசன் அரசுப் பல்கலைக்கழகம், எக்செல்சியர், சார்ட்டர் ஓக் போன்ற, தேர்வு கிரெடிட்டைத் தாராளமாக ஏற்கும் கல்லூரிகளில் படிப்பவர்கள் இவற்றைத் தேடி எழுதுவது இதற்காகத்தான். இவை தொடக்கநிலைத் தேர்வுகளைவிடக் கூடுதல் உழைப்புக் கேட்கும். ஆனால் அதற்கு மாற்றாக இருப்பது ஒரு முழுப் பருவ உயர்நிலைப் பாடம் என்பதால், அந்த உழைப்பை அதோடுதான் ஒப்பிட வேண்டும், இன்னொரு கிளெப்போடு இல்லை.

தேர்ந்தெடுப்பதில் கடைசியாக ஒரு பிரிவினை எஞ்சுகிறது: தொடர்பாடம் உள்ளவை, இல்லாதவை. சமூகவியல் அறிமுகத்தைப் பொதுத் தேவைக்காக மட்டும் எழுதும் பொறியியல் மாணவர் 50 வாங்கினாலும் 70 வாங்கினாலும் அவருடைய படிப்பில் எந்த மாற்றமும் இல்லை. அங்கே தேர்ச்சிக் கோட்டை மட்டும் இலக்காக வைத்துக் குறைந்த நாளில் முடித்துவிடலாம். அதே மாணவர் நுண்கணிதத்தைத் தேர்வின் மூலம் கடந்தால் அடுத்த பருவம் நேராக இரண்டாம் நுண்கணித வகுப்பில் போய் உட்கார வேண்டியிருக்கும். 'சி' தர அறிவோடு தேறியவர் அந்த வகுப்பில், தொகையீட்டு முறைகள் தொடங்கும் முதல் வாரத்திலேயே தடுமாறுவார்; அங்கே வாங்கும் தரம் தர சராசரியிலும் சேரும். ஆகவே இப்படிப்பட்ட பாடங்களுக்குத் தூரத்தை 50-லிருந்து அளக்கக் கூடாது. அடுத்த வகுப்பின் பாடத்திட்டத்தை வாங்கி, அதன் முதல் மூன்று வாரக் கணக்குகளை வாசித்துப் பார்த்து, அங்கிருந்து அளக்க வேண்டும். அப்படி அளக்கும்போது தேர்வு எட்டாத தொலைவில் தெரிந்தால், அந்த ஒரு பாடத்தை வகுப்பிலேயே படித்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தைத் தொடர்பாடம் இல்லாத நான்கைந்து தேர்வுகளுக்குச் செலவிடுவதே மேல்.